பொய்வலிக்குப் பிறகு

தலைப்பிரசவம் எங்கே என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அம்மா வீடு என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு? கணவருக்கு விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை. எங்கள் வரிசை வீட்டுப் பெண்களே எனக்கு வளைகாப்பு செய்து, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டார்கள். வலி வந்தால் சுவரில் தட்டச் சொன்னார்கள்.

ஒரு மதியம் பொய்வலிக்கே தட்டிவிட்டேன். அடுப்பு வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். அந்த வெட்கத்தில், இனித் தட்டுவதில்லை என்று வீம்பு. மறுநாள் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். நிஜ வலி வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்து அசையாமல் நின்றேன். கதவைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

“நான் தட்டவே இல்லியேக்கா!”

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோபம். “காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருந்த வளையல் சத்தம் நின்னுபோச்சு. சும்மா அழகுக்காடி போட்டுவுட்டோம்?”