வெள்ளைக் கிளையின் விதைகள்

இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் எனக்கு மூன்று நர்சரி இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு துளிரைப் பார்த்தாலே அது பிழைக்குமா, பிழைக்காதா என்று சொல்லிவிடுவேன். பட்டம் வாங்கிய பையன்கள் என்னிடம் சம்பளத்துக்கு நின்று அதைக் கற்றுக்கொள்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் முதன்முதலில் நான் விதை பிரித்துக் கொடுத்த கதையை இவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஓட்டு வீடு. அப்பாவின் அக்கா, என் அத்தை, அவள் சொன்னதுதான் அங்கே சட்டம். சித்தப்பா ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். அங்கிருந்து ஒரு அந்திமந்தாரையைப் பெயர்த்து வந்து கிணற்றடியில் நட்டிருந்தார். விநோதமான செடி. சில கிளை முழுப் பச்சை, சிலதில் பச்சையும் வெள்ளையும் திட்டுத் திட்டாக. ஒரே ஒரு கிளை மட்டும் இலை, காம்பு எல்லாமே பால் வெள்ளை. அதுவும் சாயங்காலமானால் மற்றக் கிளைகளைப் போலவே பூக்கும், மிளகு போலக் கறுப்பாக விதை வைக்கும். பச்சைக் கிளை விதையை ஒரு தீப்பெட்டியிலும் வெள்ளைக் கிளை விதையை இன்னொன்றிலும் போட்டு வைத்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் புத்தி எனக்கு அப்போதே உண்டு.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சித்தி வந்தாள். அம்மா ஏழு மாதம். புதிதாக வந்த மருமகள் கையால் விதை போடச் சொல்லி, கைராசி பார்த்த பிறகுதான் அரிசிப் பானையைத் தொட விடுவாள் அத்தை. துணைக்கு அம்மாவையும் பக்கத்துத் தொட்டியில் போடச் சொன்னாள். விதை எடுத்துக் கொடுத்தது நான். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிற சித்திக்கு உசத்தியானதைக் கொடுக்க வேண்டாமா? வெள்ளைக் கிளை விதையைக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பச்சை.

ஒன்பதாம் நாள் இரண்டு தொட்டியும் முளைத்தன. அம்மாவுடையது பச்சை. சித்தியுடையதில் முளைத்த எட்டும் வெள்ளை. இலை, தண்டு எதிலும் ஒரு குறையில்லை, நிறம் மட்டும் இல்லை. பொழுது சாய்ந்து கிணற்றடி முழுக்க இருண்ட பிறகும் அந்த எட்டு மட்டும் தெரிந்துகொண்டிருக்கும். நான் கைதட்டிக் குதித்தேன். சித்தியும் அன்று ஒரு நாள் சிரித்தாள்.

"இன்னாடி இது, பொணத்து மேல மொளைச்சா மாதிரி கீது?" என்றாள் அத்தை.

"வெயில் பத்தலையோ என்னமோ, அண்ணி" என்று சித்தி தொட்டியை நகர்த்தி வைத்தாள்.

வெயிலும் பார்த்தாயிற்று, நிழலும் பார்த்தாயிற்று. அழுகல் இல்லை, பூச்சி இல்லை. இலைகள் நனைந்த காகிதம் போல மெலிந்தன. பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன.

"இன்னொரு வாட்டி போடு, பாப்போம்" என்றாள் அத்தை. மறுபடியும் நான் அதே பெட்டியிலிருந்துதான் கொடுத்தேன். மறுபடியும் எல்லாம் வெள்ளை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் கிணற்றுக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒருநாள் விடியற்காலையில் சித்தி தொட்டியருகே குந்தியிருந்தாள். "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணாவது பச்சையாயிடு" என்று அவற்றிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவையும் செத்தன.

அப்போதுதான் நான் அத்தையிடம் போனேன். "விதை வேற, அத்தை. சித்திக்குக் குடுத்தது வெள்ளைக் கிளையோடது."

அத்தை சிரித்தாள். "வெத வேறயா? ஒரே செடி, ஒரே வேரு. ஒரே மண்ணு, ஒரே கெணத்துத் தண்ணி. இதுல வேறன்னா கைதாண்டி வேற."

இரண்டு பெட்டியையும் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மிளகுக் கறுப்பு, எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. அத்தை சொல்வது சரி என்று நானும் நம்பினேன்.

"வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வூட்ல இந்தக் கை வேணாம். அவ அம்மா வூட்டுக்குப் போவட்டும்" என்றாள் அத்தை.

"அவ இன்னா பண்ணுவா அண்ணி, பாவம்" என்று அம்மா ஆரம்பித்தாள். பேசும்போதே அவள் கை தன் வயிற்றைப் பொத்திக்கொண்டது. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அத்தைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சித்தப்பாவும் கூடுவாஞ்சேரியில் சித்தியின் அம்மா வீட்டிலேயே போய் இருந்துவிட்டார். அங்கே சித்தி கடைசிவரை ஒரு செடி வைக்கவில்லை என்று கேள்வி.

பல வருஷம் கழித்து, நர்சரி போட்ட பிறகு, கிளை கிளையாக விதை பிரித்துத் தொட்டி தொட்டியாகப் போட்டுப் பார்த்தேன். செடி வாங்க வந்த தாவரவியல் வாத்தியார் ஒருவரும் அதையே சொன்னார். வெள்ளைக் கிளை பச்சை இலைகள் சமைத்துப் போடுவதைத் தின்று உயிர் வாழ்கிறது. அதன் விதை தனியே முளைத்தால் தனக்குச் சமைத்துக்கொள்ளத் தெரியாது. விதைக்குள் இருப்பது தீர்ந்ததும் செத்துவிடும். எந்தப் பூவின் மகரந்தம் வந்து விழுந்தாலும் சரி, பெற்ற கிளை எதுவோ அதன் நிறம்தான் இலைக்கு. அத்தையே விதைத்திருந்தாலும் ஒன்றுகூடப் பிழைத்திருக்காது. நான்தான் முன்பே கண்டுபிடித்துவிட்டேனே என்று வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டேன். சொல்ல வேண்டிய சித்தி அப்போது உயிரோடு இல்லை.

அவளை அனுப்பியது ஒரு மத்தியானம். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி வந்து நின்றதும் நான் ஓடிப்போய், வழக்கம்போல அவள் கையைப் பிடிக்கப் போனேன். சித்தி சட்டென்று இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "வேணாம் கண்ணு, தொடாத" என்றாள். என்மேல் கோபம் என்று நினைத்தேன். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.