கிறுகிப் பாக்க ஒண்ணா

என் தம்பி ஆட வேண்டிய ஆட்டத்தை நீங்கள்தான் களவெடுத்தீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு இந்த நாட்டின் உதைபந்தாட்டத்தை நடத்துகிறவர்களைத்தான் சொல்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கரையில். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில்தான் மைதானம். ஒரு பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வாவி. அடி தப்பினால் பந்து தண்ணீருக்குள். உதைத்தவனே இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். அது எங்கள் பக்கச் சட்டம். அதனால் எங்கள் பிள்ளைகள் தூரத்திலிருந்து அடிக்க மாட்டார்கள். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு கோல் வரைக்கும் போவார்கள்.

தம்பி கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பந்து அவன் காலுக்கு வரும். பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு நிற்பான். கரையில் நிற்கிற நாங்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் கத்துவோம்: "கிறுகு! கிறுகு!" திரும்பு என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. அவன் இடது தோளை ஆட்டிவிட்டு வலது பக்கம் கிறுகுவான். பின்னால் நின்றவன் எங்கேயோ போயிருப்பான்.

நான் காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். உலகக் கிண்ணக் காலத்தில் அந்தத் தெரு முழுக்க பிரேசில் கொடியும் ஆர்ஜென்டீனா கொடியும் தொங்கும். அதற்குத் துணி வெட்டிக் கொடுப்பது நான்தான். முதலாளியைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வது. ஒரு தடவை, நம்மட கொடியும் ஒன்று வெட்டட்டா என்று அவரிடம் கேட்டேன்.

"நம்மட நாடு எப்ப புள்ள உலகக் கிண்ணத்துல ஆடின?"

"ஆடும் காக்கா."

"ஓம், ஆடும். உலகம் அழிஞ்ச மறுகா."

உலகம் அழிந்த பிறகாம். கடையே சிரித்தது. உலகக் கிண்ணத்துக்கு நம் அணி ஒரு நாளும் போனதில்லை. ஆசியக் கிண்ணத்துக்கும் போனதில்லை. தெற்காசியக் கிண்ணத்தை ஒரேயொரு தடவை, கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்து எடுத்தது. அப்போது தம்பி பிறக்கவே இல்லை. அவன் பார்த்ததெல்லாம் தோல்விதான். சொந்த மண்ணில் நாலு நாடுகள் ஆடிய போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்து, சீஷெல்ஸிடம் பெனால்டியில் தோற்றோம். அன்றைக்கு அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் அங்க நிண்டிரிக்கணும் அக்கா" என்றான். பெருமைக்குச் சொல்லவில்லை. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

பிறகு தேசிய அணிப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. அம்மா அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். கட்டாரில் இருந்து வந்திருந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தம்பி பஸ் ஏறினான்.

முதல் நாள் பயிற்சியிலேயே சண்டை. முன்னால் நின்ற யாழ்ப்பாணத்துப் பொடியனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, இவன் பழக்கத்தில் "கிறுகு!" என்று கத்தியிருக்கிறான். அவன் பந்தை விட்டுவிட்டு, "ஆரையடா கிறுக்கு எண்டுறாய்?" என்று நெஞ்சில் தள்ளினானாம். பயிற்றுவிப்பாளர் வந்து பிரித்துவிட்டாராம். அடுத்த கிழமை போன் எடுத்தபோது தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்:

"இப்ப எல்லாரும் அதத்தான் கத்துறாங்கக்கா. சிங்களப் பொடியனுகளும். எனக்கிப் பேரே கிறுகு மல்லிதான்."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. எங்கள் ஊர்ச் சொல் ஒன்று தேசிய அணிக்குள் போய்விட்டது என்று நான் கடையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். முதலாளி கூட இந்தத் தடவை நக்கல் அடிக்கவில்லை. "தெற்காசியப் போட்டிக்கு அவன எடுத்தா சொல்லு புள்ள, கொடித் துணி என்ட கணக்கு" என்றார். எடுப்பார்கள் என்றுதான் முகாமில் பேச்சு.

ஒரு நாள் தம்பி பையோடு வீட்டு வாசலில் நின்றான்.

"தடையாம் அக்கா."

"ஆருக்கு? ஒனக்கா?"

"நாட்டுக்கு."

"அப்பிடி என்ன செஞ்ச நீங்க?"

"நாங்க ஒண்டுஞ் செய்யல்ல. நாங்க பந்துதான் வெளயாடின."

உலக உதைபந்தாட்ட அமைப்பு நம் நாட்டை வெளியே நிறுத்திவிட்டது. மைதானத்தில் நடந்த குற்றம் ஒன்றுமில்லை. நிர்வாகத்துக்குள் யார் தலையிடுவது, யார் கதிரையில் இருப்பது என்று மேலே இருந்தவர்கள் இழுபறிப்பட்டதற்குத் தண்டனை கீழே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு.

தெற்காசியப் போட்டி நாம் இல்லாமலே நடந்தது. தம்பி ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தான், சத்தத்தை நிறுத்திவிட்டு. ஆடித் தோற்றிருந்தால் ஏசியிருப்போம், அழுதிருப்போம். தோற்பதற்குக்கூட எங்களுக்கு இடமில்லாமல் போனது. போட்டி முடிந்ததும் கட்டார் வேலைக்கு ஓம் என்று சொல்லிவிட்டான். நான் மறிக்கவில்லை. எதைச் சொல்லி மறிப்பது? தடை நீங்கிய செய்தியை அங்கே இருந்துதான் வாசித்தான்.

அவனுக்குக் காவல் வேலை. ஆசியக் கிண்ணம் அந்த நாட்டில் நடந்தபோது அவனை விளையாட்டரங்குக்குள் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆடாவிட்டாலும் பக்கத்தில் நின்று பார்ப்பானே என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்து பேசினோம்.

"எப்பிடி மெச்?"

"சத்தம் கேட்டன்."

"பாக்கல்லயா?"

"சனத்தப் பாத்துத்தான் நிக்கணும் அக்கா. கிறவுண்டுக்கு முதுகு. கிறுகிப் பாக்க ஒண்ணா. கிறுகினா வேல போயிரும்."

திரும்பிப் பார்க்கக் கூடாதாம். அடுத்த ஆட்டத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை. கோலுக்குப் பின்னால் மஞ்சள் சட்டை போட்டு வரிசையாக நின்ற முதுகுகளைப் பார்த்தேன். ஒரு முதுகு அவனுடையது போல இருந்தது. கோல் விழுந்தது. அரங்கமே எழும்பியது. அந்த முதுகு அசையவில்லை. என்னையறியாமல் "கிறுகு" என்று வாய்க்குள் சொன்னேன். அம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

இப்போது வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை அணிக்குக் கூட்டி வருகிறீர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நன்றாக ஆடட்டும். ஆனால் அந்தத் தடைக்குள் அகப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று உங்களில் ஒருவராவது தேடினீர்களா? ஒருவராவது போன் எடுத்தீர்களா?

அறிக்கை வேண்டாம். மறுகா பார்ப்போம் என்ற கதையும் வேண்டாம். எங்கள் வாவிக்கரை மைதானத்துக்கு வாருங்கள். ஒலிவாங்கி நாங்கள் தருகிறோம். உதைத்தவன்தான் தண்ணீருக்குள் இறங்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். இந்தப் பந்தைத் தண்ணீருக்குள் உதைத்தது உங்களில் யார்? எங்கள் பக்கம் கிறுகி நின்று, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.