மகளுக்குப் பின்னால் நிற்கும் வீடு

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது என் தொழில். அடுக்களை வரை போகலாம், பேச்சும் அங்கேயே வாங்கலாம். கமரா தூக்கிய பாவத்துக்காகப் பேச்சு வாங்கிய எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். கல்முனைச் சுற்றுவட்டாரத்தில் நான் வாங்கியவற்றில் ஒரு பெண்ணின் வாப்பா சொன்னது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குழல் விளக்கும் கடல் பச்சையும்

மருதமுனையில் நான் ராத்தா என்று கூப்பிடும் ஒரு அக்கா கைத்தறிச் சாரி நெய்கிறார். பேஸ்புக்கில் போட்டு விற்பதற்குப் படம் வேண்டும் என்று கூப்பிட்டார். தறி இருந்த அறையில் ஒரு பக்கம் குழல் விளக்கு, மறுபக்கம் மஞ்சள் பல்பு. இரண்டும் சேர்ந்து என்ன கூத்தாடும் என்று தெரிந்திருந்தும் சோம்பலில் அங்கேயே விரித்து எடுத்தேன். கடல் பச்சைச் சாரி, படத்தில் வேப்பிலைப் பச்சையாக வந்தது.

ராத்தா படத்தையும் பார்த்தார், சாரியையும் பார்த்தார். சாரியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து முருங்கை நிழலில் விரித்தார். அங்கே வெளிச்சம் ஒரே சீராக விழுந்தது. அவர் போட்ட நிறம் அப்படியே தெரிந்தது. பிறகு சொன்னார்: "நீங்க எடுத்த சாரியும் வடிவாத்தான் இரிக்கி தங்கச்சி. ஆனா அத நான் நெய்யல்ல."

பின்னுக்குப் போன மாமி

அந்த நாட்களில் புதிதாக ஒரு லென்ஸ் வாங்கியிருந்தேன். அதன் வாயை அகலத் திறந்து வைத்தால் முன்னால் இருப்பவரின் இமை முடியைக் கூட எண்ணலாம். பின்னால் இருப்பதெல்லாம் பால் கலந்த மாதிரி மங்கிவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் லென்ஸை 'ஆ' என்று திறந்தே வைத்திருந்தேன்.

ஒரு கலியாணத்தில் பெண்ணைக் கதிரையில் இருத்தி எடுத்தேன். கதிரைக்குப் பின்னால், இருந்த நகையை எல்லாம் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் உம்மா நின்றிருந்தார். படத்தில் அவர் பட்டும் பொன்னும் கலந்த ஒரு புகையாக இருந்தார். கமராவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "மருமகள் வந்து ஒரு நாள் ஆகல்ல, அதுக்குள்ள என்னப் பின்னுக்குத் தள்ளிட்டீங்களா?"

கட்டாரிலிருந்து ஒரு அழைப்பு

அதோடு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவின் பொறுப்பு. சாய்ந்தமருதில் ரிஸ்னா என்ற பெண்ணின் வாப்பா, அத்திவாரம் போட்ட கையோடு கட்டாருக்குப் போனவர். அவர் அங்கே உழைக்க, இங்கே சுவர் எழும்பி, கூரை ஏறி, ஓடாவி முதிரை மரத்தில் கதவு செய்து மாட்டி, கலியாணத்துக்கு முதல் வாரம் பெயின்டும் அடித்தாயிற்று. அவருக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. வீடியோ கோலில் வீடு துண்டு துண்டாக உடைந்து உடைந்துதான் தெரியுமாம்.

வாப்பாவுக்கு அனுப்ப என்று, கலியாணத்தன்று வீட்டின் முன் ரிஸ்னாவை நிறுத்தி எடுத்தேன். என் வாழ்நாளிலேயே நல்ல படம் அதுதான் என்று நினைத்தேன். ரிஸ்னாவின் முகம் துலங்கியது. வீடு நீல நிற மேகமாகக் கரைந்திருந்தது. வாப்பா எனக்கே போன் எடுத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மகள அவ பிறந்த நாளிலிருந்தே கண்டிருக்கன் புள்ள. அந்த வீட்டத்தான் நான் இன்னும் ஒருக்காக் கூடக் காணல்ல."

எல்லாம் தெரிந்த படம்

மறுநாளே போனேன். வெட்கமாக இருந்தது. வீடு கிழக்குப் பார்த்தது; உச்சி வெயிலில் எடுத்தால் கூரை நிழல் விறாந்தையை விழுங்கிவிடும். அதனால் கடல் பக்கமிருந்து வெயில் சாய்ந்து வரும் காலை நேரத்தில், ரிஸ்னாவைத் திரும்பவும் கலியாணச் சாரி உடுக்க வைத்தேன். பக்கத்து வீட்டு மதிலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பின்னால் வீடும் தெளிவாக விழ, லென்ஸின் வாயை நன்றாகச் சுருக்கினேன். அப்படிச் சுருக்கினால் கமராவுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஸ்டாண்டில் பூட்டி, "அசையாம நில்லுங்க, லென்ஸுக்குள்ள வாப்பா இருந்து பாக்கிறார் எண்டு நினைச்சுக்கோங்க" என்றேன். என் கவனமெல்லாம் கூரை ஓடு தெளிவாக வருகிறதா என்பதிலேயே இருந்தது. பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

படத்தை அனுப்பினேன். பிறகு வாப்பாவின் குரல் பதிவு வந்தது. படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறார். "கதவு முதிரைப் பலகைதான், ஓடாவி என்ன ஏமாத்தல்ல. இடது பக்கத் தூணில ஒரு வெடிப்பு இரிக்கி, பூசச் சொல்லுங்க." பிறகு சொன்னார்: "மகள்ட கண்ணில தண்ணி நிக்கிறதும் தெரியுது புள்ள. அத மட்டும் கொஞ்சம் மங்கலாக்கி அனுப்புங்க."

இப்போதெல்லாம் கலியாணத்துக்கு யார் கூப்பிட்டாலும், பெண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதை யார் எங்கிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் கமராவைத் திறக்கிறேன், படம் எடுக்கத் தெரியாதவள் என்று அவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.