தவசுகாலத்தில் மர்சலின் விட்ட காப்பி

லூயிஸ் போடும் காப்பிக்குச் சாந்தோமில் நல்ல பேர். காலைப் பூசை முடிந்து அக்கா மர்சலின் வீடு திரும்பும்போது டபராவில் ஆவி பறந்துகொண்டிருக்கும். அந்தத் தெருப் பெண்கள் அவனை உதாரணம் காட்டித் தங்கள் வீட்டு ஆண்களை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். அந்தக் காப்பியில் என்ன கலந்திருந்தது என்பது அவனுக்கும் எனக்கும் டாக்டர் சுந்தரராமனுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் நல்லசிவம். மவுண்ட் ரோட்டில் லூயிசோடு ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவன். திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கி, ஓட்டல் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போய், ஞாயிறு தவறாமல் மர்சலின் வைக்கும் மீன் குழம்புக்காகச் சாந்தோமுக்குப் போய்விடுவேன். தாய் தகப்பன் போனபின் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நான் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தால்கூட அதட்டுவாள்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது அவர்கள் போகவில்லை. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. ஆள் கிடையாது, ஆண் குரல் மட்டும். முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டது, பிறகு வைதது, கடைசியில் கடலுக்குள் இறங்கு என்றது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவளை மீன்காரர்கள் இழுத்து வந்தார்கள். சில மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும், இனி என்னை அங்கே அனுப்பக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து மதர், இன்னொரு தரம் இப்படி ஆனால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். அதற்குள் குரல் மறுபடி தலைகாட்டியது.

லஸ் பக்கம் இருந்த சுந்தரராமன் சர்ப்பகந்தி வேர்ப்பொடி கொடுத்தார். மூக்கடைக்கும், எழுந்தால் தலை சுற்றும், அளவு மீறினால் மனசே சோர்ந்து போகும், ஆகையால் நாடி பார்த்துத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றார். இது வெறும் தூக்க மருந்துதானே என்று லூயிஸ் கேட்டான்.

“இல்லப்பா. அந்தக் குரலை இது கொல்லாது. பக்கத்தாத்துல யாரோ பேசறாப்பல தள்ளி வெக்கும். நிறுத்தினா மெதுவா மறுபடி காதண்டை வந்துடும்” என்றார்.

மர்சலின் பொட்டலத்தை முற்றத்தில் விசிறியடித்தாள். தனக்கு என்ன பைத்தியமா என்று கத்தினாள். டாக்டர் வேறு வழியில்லாமல், இப்போதைக்குக் காப்பியில் கலந்து கொடு, கசப்பு தெரியாது. புத்தி தெளிந்ததும் நீயே உண்மையைச் சொல்லி அவள் கையாலேயே சாப்பிடச் சொல் என்றார். லூயிஸ் முதல் பாதியைச் செய்தான். அடுத்த பாதியை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பாய் என்று நான் கேட்காத நாளில்லை. நன்றாக இருக்கிறவளை ஏன் கலைக்க வேண்டும் என்பான்.

நன்றாகத்தான் இருந்தாள். மறுபடி பாடம் நடத்தினாள். குரல் எங்கோ தூரத்தில் முணுமுணுத்ததாம். அதைப் பற்றி அவளே வேடிக்கையாகப் பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எதிரிலேயே, “லூயிசு, நீ காப்பில இன்னாவோ கலக்குறியாம், அது சொல்லுது” என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அதுக்கு வேற வேலை இல்லக்கா, பொய் சொல்லிக்கினே கீது என்றான். நான் குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தாறாம் வருஷத்துத் தவசுகாலம் பிறந்தது. பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் அவர்கள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார்கள். போதாததற்கு, ரொம்பப் பிடித்த ஒன்றை ஆண்டவருக்காக விடுவதும் உண்டு. மர்சலின் விபூதிப் புதனன்று சாமியார் நெற்றியில் இட்ட விபூதியோடு கோயிலிலிருந்து வந்து, பாஸ்கு வரைக்கும் காப்பி கிடையாது என்று அறிவித்துவிட்டாள். லூயிசுக்கு உயிரே போய்விட்டது. ஒரு வாய் குடி, உடம்பு தாங்காது என்று கெஞ்சினான். ஆண்டவருக்கு நேர்ந்ததைக் கெடுக்காதே என்றாள். ஏன் குடிக்க வேண்டும் என்று சொல்ல அவனுக்கு வாயில்லை.

மூன்றாவது வாரம் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பேசும்போதே பாதியில் நின்று வேறு பக்கம் காது கொடுத்தாள். வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து, யார் உன்னை அனுப்பினது என்று கேட்டுவிட்டாள். மதர் ஆள் அனுப்பி விசாரித்தார். பாஸ்குக்கு முந்தின குருத்து ஞாயிறன்று நான் போனபோது, கடலைப் பார்த்த சன்னலை லூயிஸ் ஆணியடித்து மூடியிருந்தான். அன்றைக்குச் சமையலும் அவனே. அக்கா இலைக்கு மட்டும் தனிக் கிண்ணத்திலிருந்து மஞ்சள் குழம்பு ஊற்றினான். அடப்பாவி, இதிலேயுமா என்று நினைத்தேன்.

மர்சலின் ஒரு கவளம் வாயில் வைத்தாள். மெல்வதை நிறுத்தினாள். இலையில் துப்பிவிட்டு, அந்த இலையை அப்படியே தம்பி பக்கம் தள்ளினாள்.

“கசக்குது. நீ துன்னு.”

அவன் தின்றிருக்கலாம். ஒரு வேளைப் பொடி அவனை ஒன்றும் செய்திருக்காது. அவள் சமாதானமாகியிருப்பாள், பொய்யும் பிழைத்திருக்கும். சோற்றை உருட்டிக் கையில் எடுத்தே விட்டான். அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். எனக்கு அவன் கையைத் தட்டிவிட வேண்டும் போல வெறி வந்தது. கவளம் உதட்டுக்கருகில் வந்து நின்றது. பிறகு இலையில் விழுந்தது.

“மருந்துக்கா. இத்தன நாளா காப்பில கலந்தேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்ப அது சொன்னது நெசம். அது பொய் சொல்லுதுன்னு நீதான சிரிச்ச? நீ சொன்னத நம்பித்தான லூயிசு நான் எம் புத்தியச் சந்தேகப்பட்டேன்.”

அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தான் இடையில் புகுந்து, டாக்டர் சொன்ன அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னேன். குரல் சாகாது, தள்ளிப் போகும், விட்டால் திரும்பும். அவள் பொடியைக் கொண்டுவரச் சொன்னாள். நுனிவிரலால் தொட்டு நக்கினாள். காதுப் பக்கம் கையை வீசி, சும்மா இரு என்று யாரையோ அதட்டினாள். பிறகு என்னைக் கேட்டாள்:

“இதத் துன்னா, என் கிளாசுக்கு நான் போலாமா?”

போகலாம் என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது, இருந்தும் சொன்னேன்.

மறுநாள் அவளே லஸ்ஸுக்கு நடந்தாள். லூயிஸ் பத்தடி பின்னால் போனான். மருந்து வேலை செய்யச் சில வாரம் பிடித்தது; அந்த வாரங்கள் எதிரிக்கும் வரக் கூடாது. கடல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பாள். ஆனால் பொடியை ஒரு வேளை தவறவிடவில்லை, வெறும் தண்ணீரில், தன் கையால். மதர் லீவு கொடுத்தார். பள்ளிக்கூடம் திறந்தபோது சாக்பீஸ் டப்பாவோடு போனாள். மூக்கடைப்போடுதான் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் டீச்சருக்கு எப்பவும் சளி என்றார்கள்.

பாஸ்குக்குப் பிறகு மறுபடி காப்பி குடித்தாள். ஆனால் லூயிஸ் அடுப்பண்டை போகக் கூடாது, அவளே போடுவாள். அவனுடைய டம்ளரை எடுத்து, அவன் எதிரில் நின்று, அண்ணாந்து ஒரு வாய் தன் தொண்டையில் ஊற்றிக்கொள்வாள். விழுங்கியபின் அவனிடம் நீட்டுவாள். வருஷக்கணக்கில், தினமும் இரண்டு வேளை இப்படித்தான் நடந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தைக் குடிப்பான்.