பீலியடியில் அணையாத திரை

தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயத்துப் பீலிக்குப் பக்கத்தில் ஒரு கொய்யாமரம் இருந்தது. அதன் தாழ்ந்த கிளையில்தான் எங்கள் லயத்துக்கு உலகம் கேட்டது. மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, ஒரு சீமெந்துச் சுவரில் பொருத்தியிருந்த பீலி அது. லயமே அங்கேதான் குளிக்கும், துவைக்கும், குடம் நிறைக்கும், ஊர்க்கதை பேசும். சிக்னலும் அந்த இடத்தில்தான் வந்தது. வீட்டுக்குள் கொண்டுபோனால் போன் வெறும் கல். இரண்டு எட்டு தள்ளி நின்றாலும் கல். அந்தக் கிளையில் மாட்டினால் மட்டும் கோடுகள் முளைக்கும்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். கொழும்பில் கடையில் நின்ற அண்ணன், தான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு தன் பழைய போனை எனக்குத் தந்தான். மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் லயத்துக்குள் வந்த முதல் கலர் திரை அதுதான். பிரித்துப் பார்த்த ரேடியோக்களும் உயிர்போன டோர்ச்சுகளும் கட்டிலுக்கடியில் குவிந்து கிடக்கும் வீட்டில், அப்படி ஒரு பொருள் வந்தால் எனக்குத் தூக்கம் வருமா?

தூக்கம் வரவில்லை. ஆனால் காரணம் வேறு. அந்தத் திரை அணையவே அணையாது. மற்றப் போன்கள் கொஞ்ச நேரத்தில் இருண்டுவிடும். இது கறுப்புத் திரையில் கொட்டை எழுத்தில் மணியைக் காட்டிக்கொண்டு, கண்கொட்டாமல் முழித்துக்கொண்டிருக்கும். அணைக்கும் வழி தேடி உள்ளே இருந்த எல்லாக் கதவுகளையும் தட்டினேன். படம் மாறியது, மணிச்சத்தம் மாறியது. ஒரு தடவை மொழியே சீனமாகிவிட்டது. திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுவர நான் பட்ட பாட்டை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். வெளிச்சம் மட்டும் போகவில்லை.

"என்னாடி இது, சாமி ரூம்புல வெளக்கு எரியுற மாதிரி எரியுது?" என்று அம்மா அதன் மேல் கொழுந்து எடுக்கப் போகும்போது கட்டும் தன் மலைச் சேலையைப் போட்டு மூடுவார். சேலைக்குள்ளும் எரியும்.

கண்ணைக் கூசுவதுகூடப் பரவாயில்லை, பெட்டரிதான் என்னை அழவைத்தது. காலையில் நிறைய சார்ஜ் ஏற்றி மாட்டினால், எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் லயத்துக்குத் திரும்பும் முன்னே செத்துவிடும். மணியைக் காட்டிக் காட்டியே செத்துவிடும்.

இதைவிட மோசம், அது எதையும் மறைக்கத் தெரியாத போன். கோல் வந்து நான் எடுக்காவிட்டால் மணிக்குக் கீழே பெயரோ நம்பரோ எழுதிக்கொண்டு நிற்கும். மழைக்குப் பயந்து கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, திரை பீலியைப் பார்க்கும்படி கிளையில் தொங்கவிட்டிருந்தேன். அப்புறம் கேட்கவேண்டுமா? லயத்தின் கடைசி வீடான கடைசிக் காம்பராவில் ஓர் அக்கா. பிள்ளைபெற்று மலைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர். நாள் முழுக்கக் குழந்தையின் துணிகளைத் துவைத்தபடி பீலியடியிலேயே நிற்பார். சாதாரண தரம் வரை படித்தவர், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார்.

டியூஷன் வகுப்பில் என்னோடு படித்த ஒரு பையன் எப்போதாவது எனக்குக் கோல் எடுப்பான். யாரும் கேட்டால் வம்பு என்று அவன் நம்பரை 'லைப்ரரி' என்று போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் குடத்தோடு போனால் அக்கா துணியை உதறிக்கொண்டே கேட்டார்:

"அடியேய், ஹட்டன் லைப்ரரி ஞாயித்துக்கிழமையும் தொறந்திருக்கா?"

"தெரியலையேக்கா, ஏன்?"

"இல்ல, காலையிலேருந்து நாலு தடவ ஒன்னைய தேடிருச்சு. பொஸ்தகம் ஏதும் திருப்பிக் குடுக்கலையா?"

பீலியடியே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடு. போனைத் திருப்பி, திரை மரத்தைப் பார்க்கும்படி மாட்டிவிட்டு வந்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் அது மறுபடி பீலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா திருப்புனீங்க?"

"பின்ன? மணி பாக்க வேணாமா நாங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, என் போன் லயத்துக்கு மணிக்கூடாகிவிட்டது. எங்கள் சின்ன வயதில் ஃபெக்டரிச் சங்கு ஊதுவதுதான் நேரம். சங்குக்கும் சங்குக்கும் இடையில் இருப்பதெல்லாம் குத்துமதிப்பு. இப்போது புள்ளைக்குப் பால் மா கரைக்கும் நேரம், ஸ்கூல் விடும் நேரம், பஸ் வரும் நேரம் எல்லாம் என் கொய்யாமரத்தில் தொங்கியது. நான் திருப்பி மாட்டுவேன், அவர்கள் திருப்பி வைப்பார்கள். கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கொழும்பில் போன் திருத்தப் பழக்கும் ஓர் இடம், தங்க இடமும் தந்து ஆட்களை எடுக்கிறது, நேர்முகம் ஹட்டனில். போனேன். வரிசையில் நின்றதெல்லாம் பையன்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "தங்கச்சி, தையல் கிளாஸ் மாடியில," என்று வழிகாட்டினான். "நன்றி அண்ணே, நீங்க போய்ச் சேந்துக்குங்க," என்றேன்.

உள்ளே யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் இருந்தார். மேசையில் ஓர் உடைந்த போனும் திருகாணிச் சாவியும். கழற்றிப் பூட்டச் சொன்னார். கழற்றினேன், பூட்டினேன். ஓர் ஆணிகூட மிஞ்சவில்லை. எனக்கு முன்னால் போனவன் பூட்டியதில் ஒன்று மேசையில் மிஞ்சிக் கிடந்தது, அதையும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ஆரிட்டப் பழகினீர்?"

"யாருகிட்டயும் இல்லீங்க சேர். வீட்டுல உள்ளதெல்லாம் நான்தான் கெடுத்தது."

சிரித்தார். "கெடுத்தாத்தான் பழகலாம். சரி, கொழும்பிலையிருந்து கோல் எடுத்துச் சொல்லுவம். போனை ஓஃப் பண்ணாமல் வைச்சிரும்."

ஓஃப் பண்ணாமல்! என்னிடம் இருந்ததோ வெளிச்சமே ஓஃப் ஆகாத போன்.

அந்தக் கோலுக்காகக் காத்திருந்த நாட்களை நான் மறக்கமாட்டேன். அதே நேரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட, அவருடைய கூடையை நான் தூக்கவேண்டியதாயிற்று. நான் கொழுந்து எடுத்த மலைச்சரிவில் சிக்னலும் இல்லை, மழைக்கும் குறைவில்லை. போனை மரத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். போகும்போது கடைசிக் காம்பரா அக்காவிடம் சொன்னேன்:

"அக்கா, கொழும்பு கோல் ஒண்ணு வரும். வந்தா எடுத்துப் பேசுங்க."

"ஐயோ, கொழும்புக்காரங்ககிட்ட நான் என்னாத்தப் பேச? கையெல்லாம் சவர்க்காரம் வேற. நீ வந்து பேசிக்க."

ஒரு நாள் பின்னேரம் இடுப்பில் சுற்றிக் கட்டிய நனைந்த படங்குத் துணியோடு இறங்கி வந்தேன். போன் வழக்கம்போல் செத்திருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சார்ஜில் போட்டு உயிர்வந்ததும் பார்த்தேன். மணி பூச்சியம். வந்த கோல்களின் இடத்தில் ஒன்றுமே இல்லை. செத்துப் பிழைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவது அந்தப் போனின் இன்னொரு குணம்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"கோல் வந்துச்சுடி. அடிச்சு அடிச்சு நின்னுச்சு. பேரு இல்ல, நம்பருதான். திரும்பவும் வந்துச்சு."

அந்த இடத்தின் நம்பர் என்னிடம் இல்லை. விளம்பரத்தில் தபால் பெட்டி இலக்கம் மட்டும்தான். மாஸ்டர் கேட்டது என் நம்பரை, அவருடையதை நான் கேட்டு வைக்கவில்லை. "போச்சுக்கா," என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாம் அழிஞ்சு போச்சு. சனியன் புடிச்ச போனு, வெளிச்சம் காட்டியே என்னைய கெடுத்திருச்சு."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டி போனைத் திட்டுற? அது அந்தியானா செத்துப்போகும்னு இந்த லயத்துல தெரியாதவங்க யாரு? அதுக்குத்தான் சாகுறதுக்கு முன்னாடி எழுதி வச்சிட்டேன்ல."

"எங்க எழுதுனீங்க?"

"பீலிச் செவத்துல."

ஓடினேன். முறைபோட்டுச் சுரண்டிக் கழுவினாலும் பீலிச் சுவரில் மறுபடி பச்சைப் பாசி படர்ந்துவிடும். எழுத அவரிடம் பேனா இல்லை, கடதாசி இல்லை. குழந்தையின் துணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பாசியைக் கீறி, ஓர் ஆள் உயரத்துக்கு அந்த நம்பரை எழுதியிருந்தார். பச்சைக்குள் சாம்பல் நிறச் சீமெந்து இலக்கம் இலக்கமாகத் தெரிந்தது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ஒன்றுகூட அழியவில்லை. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

மறுநாள் மலைக்குப் போகவில்லை. விடிந்ததும் சுவரைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்தினேன். முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாம் தடவைதான் எடுத்தார்கள். மாஸ்டரின் குரல்தான்.

"நேற்று முழுக்க எடுத்தனான் பிள்ளை. ரெண்டு தரம் அடிச்சுது, பிறகு ஓஃப். ஒரேயொரு இடம்தான் மிச்சம் கிடக்கு, இண்டைக்கு வேற ஆளுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அது சரி, இது ஒஃபிஸ் நம்பர் இல்லையே, என்ர சொந்த நம்பரெல்லோ. போன் செத்துப்போச்செண்டா உமக்கு இந்த நம்பர் எப்பிடிக் கிடைச்சது?"

"பீலிச் சுவத்துல இருந்துச்சுங்க சேர்."

"எங்கை?"

சொன்னேன். பாசி, ஊக்கு, அக்கா எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திங்கட்கிழமை வாரும் பிள்ளை," என்றார். "அந்தப் போனையும் கொண்டுவாரும், பாப்பம்."

திரும்பினால் பின்னால் முழு லயமும் நிற்கிறது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். காய்ச்சலோடு எழுந்து வந்திருந்த அம்மா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கொட்டகலை வரைக்கும் போகும் குரலில் சொன்னார்: "எம் மக கொழும்புக்குப் போன் செய்யப் போறா!"

"செய்ய இல்லம்மா, திருத்த."

"ரெண்டும் ஒண்ணுதான். செய்யத் தெரிஞ்சவதான திருத்துவா."

அன்று சுவரைச் சுரண்டிக் கழுவும் முறை யாருடையதோ, அவர் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கழுவினார். நான் ரயில் ஏறிய பிறகும் வெகுநாள் அப்படித்தான் விட்டுவைத்தார்களாம்.

கொழும்பில் நான் முதலில் திருத்தியது என் போனைத்தான். கோளாறு ஆணியிலும் இல்லை, திரையிலும் இல்லை, உள்ளே இருந்த புரோகிராமில். மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க, நானே கம்ப்யூட்டரில் கொழுவிப் புதிதாக ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் திரை தானாக இருண்டது. எத்தனை நாள் ஆசை! இருண்ட திரையில் என் முகம் தெரிந்தது, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அதைப் பெருமையோடு அம்மாவிடம் கொடுத்து, பழைய கிளையிலேயே மாட்டினேன். இனிப் பெட்டரி ரெண்டு நாள் நிற்கும் என்று எல்லோரிடமும் அளந்துவிட்டேன். மறுநாள் விடியவே பீலியடியிலிருந்து சத்தம்.

"அடியேய்! இங்க வா! மணி செத்துப்போச்சு!"

ஓடிப்போனேன். "சாகலக்கா, திருத்தியிருக்கேன். ஒரு பட்டனை அமத்துனா தெரியும்."

அக்கா முழங்கை வரை நுரையாக இருந்த இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எந்தக் கையால அமத்த?"

நான் பார்த்தேன். பக்கத்தில் ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார், இரண்டு கையும் குடத்தில். இன்னொருவர் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். அந்தப் பீலியடியில் ஒரு கையும் சும்மா இல்லை. இத்தனை நாள் குறையென்று நான் திட்டியது, இவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது!

லீவு முடிந்து திரும்பும்போது போனைக் கையோடு கொண்டுபோனேன். மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். வெளிச்சம் அணையாதபடி மறுபடி மாற்றினேன், இந்த முறை நானே விரும்பி. கூடவே புதிய, பெரிய பெட்டரி ஒன்றும் தேடிப் போட்டேன். பொங்கலுக்குக் கொண்டுவந்து கிளையில் மாட்டியபோது, அது இருட்டும் வரை எரிந்தது.

வட்டவளையிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்த அவருடைய நாத்தனார் அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு மணி?"

"எங்க புள்ளைது. கொழும்புல படிச்சு, அவளே ரிப்பேர் பண்ணுனது," என்றார் அக்கா, ஏதோ தானே பெற்ற மாதிரி.

"ரிப்பேர் பண்ணியுமா லைட்டு அணைய மாட்டேங்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நுரைக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"அணையாம இருக்கத்தானம்மா ரிப்பேரே பண்ணுச்சு."