லாபம், ரெண்டு, மூணு

அன்று எங்கள் ஆஸ்பத்திரியின் மாடி ஹாலில் இருந்தவர்கள் ஒன்பது பேர். பயிற்சி கொடுத்துப் பரீட்சையும் வைக்க நகரத்திலிருந்து வந்த பெண் டாக்டர், மார்க் போடும் சிஸ்டர், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் மூன்று பேர், வண்டியில் கூடப் போகும் ஆண் உதவியாளர்கள் இரண்டு பேர், கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மேனேஜர், அப்புறம் நான். பாயில் மல்லாந்து கிடந்த ரப்பர் பொம்மையைச் சேர்த்தால் பத்து. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். பயம் வந்தால் எனக்கு எதையாவது எண்ணியாக வேண்டும்.

தாம்பரத்தில் அது ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. நான் அங்கே நாலு வருஷம் வார்டு துடைத்தேன். பிரசவக் கேஸ்களை ஏற்றும்போது வண்டியில் ஒரு பெண் வேண்டும் என்று பிறகு என்னை ஆம்புலன்ஸுக்கு அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் புது வண்டி ஒன்று வருவதாகப் பேச்சு வந்தது. கட்டுப் போடுவதும், உடைந்த காலுக்குப் பலகை வைப்பதும் எங்களுக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் ஒரு பயிற்சி, பன்னிரண்டு நாள். பாஸ் செய்கிறவர்கள்தான் புது வண்டியில் ஏறலாம் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். உதவியாளர்களில் தவறுகிறவர்கள் வார்டுக்குத் திரும்ப வேண்டும்.

பினாயில் வாளியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷம் பம்மலில் ஒரு தோல் ஷெட்டிலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தோம். குரோம்பேட்டை தாண்டும்போது அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆக்சிஜனைத் திறந்து முகத்தில் வைத்துப் பிடிப்பது. மூச்சே இல்லாதவருக்கு ஆக்சிஜன் எங்கே போகும்? எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி என் கையையே பார்த்தாள்.

"ஏதாச்சும் பண்ணும்மா."

தாம்பரம் வரைக்கும் நான் அந்த முகமூடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ நாள் சோற்றில் கை வைக்கும்போது அந்தக் குரல் கேட்கும். இந்தப் பயிற்சியில் தேறவில்லை என்றால், கற்றுக்கொண்ட கையோடு போய் வார்டு துடைக்க வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பாதியில் நின்றவள் நான். பாடத்தாளெல்லாம் இங்கிலீஷ். சிஸ்டர் நல்லவர். எழுத்துப் பரீட்சையை என்னிடம் தமிழில் வாயால் கேட்டுக்கொண்டார், அதில் தப்பித்துவிட்டேன். மிச்சம் இருந்தது நெஞ்சு அழுத்துவது. பதினைந்து தடவை அழுத்த வேண்டும், இரண்டு தடவை வாயில் ஊத வேண்டும். அது ஒரு சுற்று. நாலு சுற்று முடித்துக் கழுத்தில் நாடி பார்க்க வேண்டும். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மைக்குள் டிக் என்று ஒரு சத்தம் வரும்.

அழுத்துவது எனக்குக் கஷ்டமாக இல்லை. எண்ணுவதில்தான் மானம் போனது.

பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் போய் உட்கார்ந்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். அம்மா அங்கே அரிசியும் கேழ்வரகும் படியால் அளந்து விற்றாள். அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. வாங்க வருகிறவர்கள் சும்மா நிற்பார்களா? உன் மகளுக்கு எத்தனை வயசு, பஸ் எத்தனை மணிக்கு என்று நடுவில் எதையாவது கேட்பார்கள். எண்ணிக்கை தப்பினால் அவர்களுக்கு ஒரு படி மிச்சம். ஒரு தடவை கல்யாணத்துக்கு வாங்க வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்து நான் ஏமாந்தேன். அம்மா திட்டவில்லை. அளந்த அரிசியை அப்படியே சாக்கில் கொட்டி, சந்தையே பார்க்க முதலிலிருந்து அளக்க வைத்தாள். அன்றிலிருந்து தலையில் இடி விழுந்தாலும் எனக்கு எண்ணிக்கை தப்பியதில்லை.

அதனால் பயிற்சியில் முதல் தடவை பொம்மையின் நெஞ்சில் கை வைத்ததும் வாயில் தானாக வந்தது லாபம்தான். ஹாலே சிரித்தது. டிரைவர்களில் ஒருவருக்கு வாய் நீளம். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

"இன்னாக்கா, ஆளைக் காப்பாத்தறியா, அரிசி அளக்கறியா?"

அன்றிலிருந்து நான் படி அக்கா. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, ஒன்று என்றே சொல்லிப் பழகுங்கள் என்றார். பழகிப் பார்த்தேன். ஒன்று என்று ஆரம்பித்தால் ஆறிலேயே தடுமாறினேன். பத்தாம் நாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த டிரைவர், நான் மட்டும் பாஸ் செய்துவிட்டால் தன் கையிலிருந்து ஐம்பது ரூபாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எதிர்ப் பந்தயம் கட்டச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. தோற்பேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பரீட்சை அன்று டாக்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார். ரோட்டில் யாரும் உங்களுக்காக வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒருவன் விழுந்தால் நாற்பது பேர் கூடுவார்கள், ஒருத்தர் சோடா வாங்கி வருவார், ஒருத்தர் கையில் சாவியைத் திணிப்பார். ஆகவே ஒருவர் அழுத்தும்போது மற்றவர்கள் கூட்டமாக நின்று என்ன வேண்டுமானாலும் பேசலாம், தொட மட்டும் கூடாது. எண்ணிக்கை தப்பினால் அடுத்த மாதம் வர வேண்டும். டிரைவராக இருந்தால் அதுவரை பழைய வண்டி. உதவியாளர் என்றால் அதுவரை வார்டு.

முதலில் போனவர் எங்களில் அதிகம் படித்த உதவியாளர், பிளஸ் டூ. வாய் நீள டிரைவர் அவர் காதருகே குந்தி பிளஸ் டூ மார்க்கை விசாரித்தார். ஒன்பதில் நின்ற எண்ணிக்கை இருபதைத் தாண்டிப் போனது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தார். அப்புறம் இரண்டு பேர் தப்பித்தார்கள், ஒருவர் தப்பவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

முந்தானையில் நாலு புளியங்கொட்டை முடிந்து வைத்திருந்தேன். பத்துப் படிக்கு ஒரு கொட்டை என்று அம்மா தள்ளிவைப்பாள். நாலையும் என் இடது முட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மண்டியிட்டேன். ஒன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் அந்த வாய் நீள டிரைவர் பொம்மையின் காலடியில் குந்தி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ மச்சான், எந்திரிடா. யக்கா, டைம் இன்னா? ரத்தம் எத்தினி பாட்டில் வோணும்? வூட்லேர்ந்து பதினேழு பேர் வந்துகினு கீறாங்கக்கா, பதினேழு."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். ஒரு படி மிச்சம் பிடிக்க வந்த குரல். அதோடு மாடி ஹால் போய்விட்டது, மேனேஜர் போய்விட்டார். நான் சந்தையில் இருந்தேன்.

லாபம், ரெண்டு, மூணு என்று சத்தமாகவே எண்ணினேன். டிக், டிக், டிக். பதினைந்து. இரண்டு ஊதல். ஒரு கொட்டை இடமிருந்து வலம். அவர் பதினேழை விட்டு இருபத்தெட்டுக்குப் போனார். நான் லாபத்துக்குத் திரும்பினேன். மூன்றாம் சுற்றில் வலப்பக்கத்துக் கொட்டை ஒன்றை அவர் நைசாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டது கண்ணில் பட்டது. எடுக்கட்டும். வைத்ததை எண்ணுகிறவள் இல்லை நான், மீதியைத்தான் எண்ணுவேன். இடப்பக்கம் தீர்ந்ததும் கழுத்தில் விரலை வைத்தேன்.

மேலே ஒரு விமானம் போனது மட்டும் கேட்டது. சிஸ்டர் தன் தாளை டாக்டரிடம் காட்டினார்.

"நாலு சுற்றும் சரி. ஒரு அழுத்தம்கூடக் குறையலை" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணுன்னு ஒரு தடவைகூட நீங்க சொல்லலை."

"வர மாட்டேங்குது மேடம்."

"வர வேண்டாம். அப்படியே எண்ணுங்க."

மேனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மூன்று கொட்டையைப் பொறுக்கி முடிந்துகொண்டு கூட்டத்தில் போய் நின்றேன்.

கடைசி ஆள் அந்த டிரைவர். நன்றாகத்தான் ஆரம்பித்தார், பலமான கை. முதல் சுற்றை முடித்தார். இரண்டாவதில் மற்றவர்கள் போட்ட கூச்சல் எதுவும் அவரை அசைக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நீங்களும் கூட்டம்தானே என்பதுபோல. பாவம் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் பன்னிரண்டு நாள் படி அக்கா என்று கேட்ட காது இன்னொரு பக்கம். பக்கத்தில் போய்க் குந்தி, மெதுவாகத்தான் கேட்டேன்.

"அண்ணா, அந்த அம்பது ரூபா முழுசா தருவீங்களா, பத்துப் பத்தா தருவீங்களா?"

"ஆறு, ஏழு, பத்து, பதினொண்ணு" என்றார் அவர்.

அவரே நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் அன்றுதான் சிரித்தார். சிஸ்டர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு ஜெயித்த சந்தோஷம் பாதி, ஒரு மனுஷனைக் கெடுத்துவிட்டோமே என்கிற பயம் பாதி. மறுநாளே அவரைப் பழைய வண்டியின் பின்பக்கம் உட்காரவைத்து, ஒரு தலையணையை முன்னால் போட்டு, எண்ணப் பழக்கினேன். லாபம் என்று சொல்ல முதலில் வெட்கப்பட்டார். அடுத்த மாதப் பரீட்சையில் பக்கத்தில் நின்றவர்கள் தொண்டை கிழியக் கத்தியும் அவர் லாபத்திலிருந்து பதினைந்து வரை பிசகவில்லை.

அவர் புது வண்டிக்கு வந்த முதல் வாரம் மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவரை ஏற்றினோம். சேலையூர் வரும்போது மூச்சு நின்றது. கூட வந்த மகன் என் கையைப் பார்த்தான், அதே பார்வை. இந்தத் தடவை என் கைக்கு வேலை தெரிந்திருந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். முன்னாலிருந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவரும் கூடவே எண்ணினார். பெரியவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கழுத்தில் நாடி என் விரலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து மகனோடு ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போனார்.

அன்று சாயந்திரம் டிரைவர் தானாக வந்து பத்து ரூபாய் கொடுத்தார். பொங்கலுக்கு ஒரு பத்து. அவர் மகள் பத்தாவது பாஸ் பண்ணிய அன்று ஒரு பத்து. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும், முதலில் புளியங்கொட்டையைத் திருப்பித் தரட்டுமா என்பார். அந்த ஐம்பதில் முப்பது வந்துவிட்டது. பாக்கி இருபது ரூபாய்.