முதல் பந்திக்கு எழுதிய அட்டைகள்

அப்பா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் சாப்பாடு பரிமாறுகிற பேரர். விருந்து நாட்களில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தட்டுகளுக்கு முன்னால் பெயர் அட்டைகளை நிறுத்தி வைப்பதும் அவர் வேலைதான். அப்படிப்பட்ட மனிதர், மர்பி டவுனில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த அக்காவின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு ஓர் இலை பிடித்து வைக்க முடியாமல் கோட்டை விட்டார்.

தப்பு அவருடையது இல்லை, எங்கள் தெருவுடையது. எங்கள் தெருவில் இலை போட்டால் கூப்பிடும்வரை காத்திருக்கிற வழக்கமே கிடையாது. மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். அப்பா எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அத்திபெலேயில் லாரி டயர் கடை வைத்திருந்த அந்த மாமாதான் வளர்த்து ஆளாக்கியவர். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார்: "கல்யாணத்துலயும் எங்கண்ணன் எலைக்கு நின்னாருன்னா, எங்க ஆளுங்க ஒருத்தரும் கை நனைக்க மாட்டோம். சொல்லிட்டேன்."

அப்பா அதிலேயே நொந்துபோனார். "ஊருக்கெல்லாம் எடம் காட்டறவன், என் வீட்டுல ஒரு மனுசனுக்கு எடம் காட்டத் தெரியல" என்று போகும்போதும் வரும்போதும் அதே பேச்சு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சொன்னதையே சொல்லிட்டிருக்காம ஏதாவது பண்ணுங்க" என்றாள். பண்ணினார். முதல் பந்தி முழுக்க மாப்பிள்ளை வீட்டாருக்கு, ஒவ்வொரு இலைக்கும் ஓர் அட்டை, கிளப்பில் வைப்பதுபோல.

அச்சடிக்கிற வசதியெல்லாம் எங்களுக்கு ஏது? தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், தாளும் கெட்டி. ஆனால் வெட்ட உட்கார்ந்ததும் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையார் மேல் கத்தரிக்கோல் படக்கூடாதாம். சிவாஜிநகரில் கட்டுக் கட்டாக அச்சடிக்கிற கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் இல்லாத மூலை எங்கே இருக்கிறது? அவரைச் சுற்றி வளைத்து வெட்டியதில் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல். அக்காவின் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க டெய்லரிடம் போனபோது ஸ்கெட்ச் பேனா பாக்கெட் வாங்கி வந்தோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுத உட்கார்ந்தால், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள். "சம்பந்தி பேர மொட்டையா எழுதுவியா? ரேஷன் கடையில கூப்பிடற மாதிரி இருக்கும்டி." ஆகவே பெயர் அட்டையில் பெயரே இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, மாப்பிள்ளையின் சின்ன அத்தை என்று முறைகளை எழுதினேன். அத்திபெலேக்காரர்கள் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பதால் கீழே கன்னடத்திலும் எழுதினேன். தாய்மாமாவின் அட்டைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நீல எழுத்து, சுற்றிலும் கொடி, நான்கு மூலையிலும் பூ. கல்யாணப் பெண்ணே உட்கார்ந்து பூவுக்கு வண்ணம் தீட்டினாள்.

முடிக்கும்போது அக்கா சொன்னாள், "அப்பாவுக்கும் ஒண்ணு எழுதுடி."

"அவரு எங்க உக்காரப் போறாரு? பந்தியில அவரு உக்காந்து நீ பாத்திருக்கியா?"

"உக்கார மாட்டாரு. இருந்தாலும் எழுது."

அதற்குள் பச்சைப் பேனாவில் மட்டும்தான் மை மிச்சம். 'பெண்ணின் அப்பா' என்று எழுதி, அவரிடம் சொல்லாமல், கல்யாணத்தன்று வரிசையின் கடைசி இலைக்கு முன்னால் நிறுத்தி வைத்தேன்.

சமுதாயக் கூடத்தில் தாலி கட்டி முடிந்ததும் எங்கள் தெரு வழக்கம்போலச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் பாய்ந்தது. அட்டைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றது. முனை வீட்டு அத்தை எந்தக் கல்யாணத்திலும் முதல் இலைக்காரி. அவள் வரிசை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, எனக்கு ஒண்ணும் எழுதலையா?" என்றாள்.

"உனக்கு ரெண்டாவது பந்தி அத்தை."

"வாயப் பாரு இவளுக்கு" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கள் தங்கள் முறையைப் படித்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக் கிளப் நடை நடந்தார். தாய்மாமாவை மட்டும் போட்டோக்காரர் மேடையிலேயே பிடித்து வைத்திருந்தார். பரவாயில்லை, அவர் இலைக்குத்தான் காவலாக அட்டை இருக்கிறதே.

அப்போதுதான் எல்லோரும் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து இலையில் தெளித்தார்கள்.

பிறந்ததிலிருந்து இலையில் சாப்பிடுகிறோம். தெளிக்காமல் யாராவது சாப்பிட்டதுண்டா? ஆனால் அப்பாவின் மனதில் அட்டை என்றால் யாரும் தண்ணீர் தெளிக்காத பீங்கான் தட்டு. எனக்கோ என் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தெளித்து, துடைத்து, வழித்து முன்னால் தள்ளினார்கள் பாருங்கள், பெரியப்பாக்களும் அத்தைகளும் சிவப்பும் நீலமுமாகக் கரைந்து ஓடினார்கள். பக்கத்து இலைப் பெரியப்பா நல்ல மனசோடு தாய்மாமாவின் இலையிலும் தெளித்துத் துடைத்து வைத்தார். சிவப்புத் தண்ணீர் மாப்பிள்ளை அம்மாவின் பட்டுப் புடவைப் பக்கம் போவதைப் பார்த்துத் துணி எடுக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் ஊறிப்போன தாள்களையெல்லாம் யாரோ வாரிக் கொண்டுபோய்விட்டார்கள். தாய்மாமாவின் இலையில் எங்கள் டெய்லர் உட்கார்ந்திருந்தார். காலியாக இருக்கிறதே என்று சோறு போடுகிறவர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். சோறும் விழுந்துவிட்டது. சோறு விழுந்த இலையிலிருந்து ஒருவரை எழுப்புவதா? அதைவிட அவர் கன்னத்தில் அறைந்துவிடலாம்.

சரியாக அந்த நேரத்தில் மாமா உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்தார். மாப்பிள்ளை அம்மாவின் கை சோற்றுக்கு மேலே அப்படியே நின்றது. 

அப்பா சாம்பார் வாளியோடே போய் மாமாவின் கையைப் பிடித்தார். "வாங்க சம்பந்தி. எடம் இருக்கு, வாங்க." கடைசி இலை வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. அந்த இலையில் யாரும் தண்ணீர் தெளித்திருக்கவில்லை. பச்சை எழுத்து அப்படியே இருந்தது. மாமா குனிந்து படித்தார்.

"பெண்ணின் அப்பான்னு போட்டிருக்கே."

அப்பாவும் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "புள்ளைங்க வெளையாட்டு. நீங்க உக்காருங்க சம்பந்தி."

"அப்ப நீங்க?"

"எனக்கு நின்னுதான் பழக்கம்."

மாமா உட்காரவில்லை. "அன்னிக்கு எடம் இல்லாததுக்கா வேன்ல போய் உக்காந்தேன்? பந்தல்ல நின்னப்ப வாங்கன்னு ஒருத்தர் ஒரு வார்த்த கூப்பிடல. அதான். இன்னிக்குக் கையப் புடிச்சிட்டீங்க, அது போதும். உங்க எலையில நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்? குடுங்க அந்த வாளிய."

அப்பா வேண்டாம் என்பதற்குள் வாளி கைமாறிவிட்டது. பட்டுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு மாமா சாம்பார் ஊற்றக் கிளம்பினார். மாப்பிள்ளை அம்மா, "எனக்குக் கொஞ்சமா ஊத்துண்ணே" என்றார். கூடமே சிரித்தது, அவர் கையும் சோற்றில் இறங்கியது. மாமாவுக்குக் கொஞ்சமாக ஊற்றத் தெரியாது. கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போனார். அப்பா பொரியலோடு பின்னாலேயே போய், "மெதுவா சம்பந்தி, இன்னும் ரெண்டு பந்தி இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார வைத்தது மாமாதான், தோளை அழுத்தி. பச்சை அட்டையை நான் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தேன். அதை அப்பாவின் இலைக்கு முன்னால் வைத்தேன். போட்டோக்காரரிடம் பேனா வாங்கி, ஒரு மொய்க் கவரின் பின்னால் 'மாப்பிள்ளையின் தாய்மாமா' என்று எழுதி மாமாவின் இலைக்கு முன்னால் வைத்தேன். அப்பா தண்ணீரைக் கையில் எடுத்தவர், நிறுத்தினார். முதலில் மாமாவின் கவரை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தன் அட்டையை எடுத்து ஒரு முறை படித்துவிட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தெளித்தார்.

ரசம் என் கையில் இருந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கிளப்பில் அவரை எல்லோரும் எப்படிக் கூப்பிடுவார்களோ அதேபோல விரலை உயர்த்தி, "பேரர், இங்க கொஞ்சம் ரசம்" என்றார். பந்தியே சிரித்தது. நான் வாளியோடு போய் ஊற்றினேன்.